மேரி பிரையன்ட்: 5,000 கிலோமீட்டர் படகில் தப்பிய கைதி

(திரையில்: காய்ந்து பழுப்பேறிய சில இலைகள்)

இந்த இலைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வயது 230க்கு மேல். சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் காடுகளில் படரும் ஒரு கொடியின் இலை இது. வெந்நீரில் போட்டால் இனிக்கும். தேயிலைக்கு வழியில்லாத கைதிகள் இதைத்தான் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். இவற்றை லண்டன்வரை கொண்டுபோனவர் மேரி பிரையன்ட்.

(திரையில்: கார்ன்வால் கடற்கரை)

மேரி, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஃபோவி என்ற துறைமுக ஊர்க்காரர். 1786இல் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து, ஒரு பெண்ணை மறித்து அவருடைய பட்டுத் தொப்பியையும் வேறு பொருள்களையும் பறித்தார். தீர்ப்பு தூக்கு. பிறகு அது 7 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பிரிட்டன் தன் கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்க விடுதலைப் போர் வெடித்ததும் அந்த வழி அடைபட்டது. 1787 மே மாதம் 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. அவற்றில் 'ஷார்லட்' கப்பலில் வயிற்றில் பிள்ளையோடு மேரி. நடுக்கடலில் பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்.

சிட்னியில் இறங்கியதும், கூட வந்த கைதி வில்லியம் பிரையன்டைக் கல்யாணம் செய்துகொண்டார். வில்லியம் மீன்பிடிப்பதில் கெட்டிக்காரர். குடியிருப்பே பட்டினி கிடந்த காலத்தில் மீனைத் திருட்டுத்தனமாக விற்றார் என்று அவருக்கு 100 கசையடி. ஆனால் மீன் பிடிக்க வேறு நல்ல ஆள் இல்லையே! மறுபடி அவரையே படகில் ஏற்றினார்கள். அந்தப் படகுதான் பின்னால் உதவியது.

(திரையில்: இரவு, துறைமுகம்)

1791 மார்ச் 28. துரத்திப் பிடிக்கத் துறைமுகத்தில் ஒரு கப்பல்கூட இல்லாத இரவு. ஆளுநரின் படகை எடுத்துக்கொண்டு 9 பெரியவர்கள் கிளம்பினார்கள். கூடவே மூன்று வயது ஷார்லட்டும், ஒரு வயதுகூட ஆகாத இமானுவேலும். டச்சுக் கப்பல் தலைவர் ஒருவரிடம் வாங்கிய திசைகாட்டியும் வரைபடமும் கையில் இருந்தன. மாவு, அரிசி, கொஞ்சம் உப்பிட்ட இறைச்சி. அவ்வளவுதான்.

திறந்த படகு அது. மேலே கூரை கிடையாது. அலை அடிக்க அடிக்க உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே போக வேண்டும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இரவு பகலாக அதில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பதறுகிறது. சுமார் 5,000 கிலோமீட்டர் கடந்து, ஜூன் மாதம் தீமோர் தீவின் குபாங்கில் (இன்றைய இந்தோனேசியா) கரையேறினார்கள். 11 பேரும் உயிரோடு!

கப்பல் கவிழ்ந்து தப்பியவர்கள் என்று சொல்லிச் சில மாதம் சமாளித்தார்கள். அப்புறம் உண்மை வெளிவந்தது. பிரிட்டிஷ் கேப்டன் எட்வர்ட்ஸ் அவர்களைக் கைதிகளாகக் கொண்டுபோனார். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) காய்ச்சல். டிசம்பரில் முதலில் இமானுவேல், அதே மாதம் வில்லியம். இங்கிலாந்து திரும்பும் வழியில், 1792 மே மாதம், ஷார்லட்டும் போய்விட்டாள். கடலில் பிறந்த குழந்தையைக் கடலிலேயே விட்டார்கள்.

அதே கப்பலில் வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரியும் இருந்தார். மேரியோடு 'ஷார்லட்' கப்பலில் ஆஸ்திரேலியா போனவர் அவர். இவர்களை இரக்கமும் வியப்பும் இல்லாமல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

(திரையில்: நியூகேட் சிறை)

லண்டனில் மறுபடி சிறை. வழக்கறிஞரும் எழுத்தாளருமான ஜேம்ஸ் பாஸ்வெல் இவர்களுக்காக அமைச்சர்களிடம் விடாமல் பேசினார். 1793 மே மாதம் மேரிக்கு மன்னிப்பு கிடைத்தது. அக்டோபரில் ஊருக்குக் கப்பல் ஏறியபோது, ஆண்டுக்கு 10 பவுண்டு அனுப்புவதாக பாஸ்வெல் வாக்குக் கொடுத்தார்.

மேரி அவருக்குக் கொடுத்தது இந்த இலைகளை. புருஷனும் இரண்டு பிள்ளைகளும் கை நழுவிப் போன அந்த வழி முழுக்க, இவற்றை மட்டும் அவர் தொலைக்கவில்லை.