நீலத்துக்குள் ஏன் இந்தக் கறுப்புத் திட்டு?

அடுத்த கேள்வி. போன வீடியோவில் காட்டிய 15-ஆம் நூற்றாண்டு சீன மிங் வம்சக் காலத்து நீல-வெள்ளைப் பீங்கான் ஜாடியைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “தாமரைக் கொடியில் அங்கங்கே கறுப்பாகத் திட்டு விழுந்திருக்கிறதே, வரைந்தவர் செய்த பிழையா? அந்த நீலம் தேய்த்துக் கழுவினாலும் போகாதா?”

போகாது. நீலம் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. சீனாவின் ஜிங்டெஜென் ஊரில் பாத்திரத்தை வனைந்து காயவைத்து, சுடுவதற்கு முன்பே அந்தப் பச்சை மண்ணில் கோபால்ட் சாந்தால், அதாவது சுட்டால் நீலமாகும் தாதுப்பொடிக் குழம்பால், வரைந்துவிடுவார்கள். அதன்மேல் கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சைப் பூசி, சுமார் 1300 டிகிரி சூட்டில் சூளையில் வைப்பார்கள். கிளேஸ் உருகிக் கண்ணாடி மாதிரி ஓவியத்தை மூடிக்கொள்ளும்.

எனக்கு இதில் எப்போதும் ஆச்சரியம் ஒன்று உண்டு. வரைகிறவர் கண்ணுக்கு நீலமே தெரியாது! சுடும் வரை அந்தச் சாந்து சாம்பல் கலந்த கறுப்பாகத்தான் இருக்கும். காய்ந்த மண்ணோ தொட்டவுடன் ஈரத்தை உறிஞ்சிவிடும். தூரிகை ஒரு நொடி தயங்கினால் அங்கே கறை கட்டிவிடும். நினைத்தபடி அழித்துத் திருத்தவும் முடியாது. எந்த இடம் வெளிர் நீலம், எந்த இடம் அடர்நீலம் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவதுதான்.

சரி, திட்டுக்கு வருவோம். அது பிழை இல்லை. யோங்லெ, ஷுவாண்டெ பேரரசர்கள் காலத்து நல்ல ஜாடிகளில் சீனாவுக்கு வெளியிலிருந்து வந்த கோபால்ட்டைப் பயன்படுத்தினார்கள். அதில் இரும்பு அதிகம். சாந்து தடிமனாகத் தேங்கிய இடத்தில், அதாவது இலை நுனியிலும் ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு ஏறிய இடத்திலும், இரும்பு சேர்ந்து கிளேஸின் மேற்பரப்பு வரை வந்து கறுத்துவிடும். ஜாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் பளபளப்புக் குறைந்து, லேசாகக் குழிந்தும் தெரியும்.

இந்தத் திட்டுகள் பிற்காலத்தாரை அவ்வளவு கவர்ந்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் கோபால்ட்டை நன்றாகச் சுத்திகரிக்கக் கற்றுவிட்டார்கள், திட்டு தானாக விழவில்லை. ஆனாலும் பழைய ஜாடியைப் போலச் செய்ய வேண்டும் என்று தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்த புள்ளிகள் வரிசையாக, ஒரே அளவில் நிற்கும். தானாக விழுந்தது சாந்து தேங்கிய இடத்தில் மட்டும் இருக்கும். கேட்ட நேயர் அந்த ஜாடிப் படத்தைப் பெரிதாக்கி இலை நுனிகளை மட்டும் ஒருமுறை பாருங்கள்.