மூக்கிலிருந்து தொடங்குங்கள்

(ஓவியம் பழகும் மாணவர்களிடையே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். மழைக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை. கூட்டம் சிறியதாக இருந்தால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசலாம். முகத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சும்.

முதலில் ஒரு சின்ன வேலை. எல்லோரும் வலது கண்ணை மூடுங்கள். கையால் பொத்த வேண்டாம், இமையை மூடினால் போதும். இடது கண்ணால் என்னைப் பாருங்கள். தலையை அசைக்காதீர்கள். இப்போது உங்கள் பார்வையின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு மேடு நிற்கிறது, தெரிகிறதா? பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கண்டுபிடித்துவிட்டார்கள். ஆமாம், மூக்குதான். பிறந்த நாளிலிருந்து நம் கண்முன்னாலேயே நிற்கிறது. யாராவது சொன்னால்தான் அது அங்கே இருப்பதே தெரிகிறது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகு கிடக்கட்டும். நம் முகத்தை நம்மில் யாராவது நேராகப் பார்த்திருக்கிறோமா? கண்ணாடியில் தெரிவது இடவலம் மாறிய முகம். புகைப்படத்தில் இருப்பது இன்னொருவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த முகம். செல்ஃபி எடுக்கும்போதுகூட, கை நீளத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டு அங்கிருந்துதான் நம்மைத் திரும்பிப் பார்க்கிறோம்.

ஓவியர்கள் தங்களைத் தாங்களே வரைந்த படங்களும் அநேகமாக இப்படித்தான். டியூரர், ரெம்ப்ராண்ட், வான்கோ என்று பெரிய பெயர்களை வரிசையாகச் சொல்லலாம். எல்லோரும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். 1889இல் வான்கோ காதில் கட்டுப் போட்டபடி தன்னை வரைந்தார். படத்தில் கட்டு வலது காதில் இருக்கிறது. அவர் அறுத்துக்கொண்டது இடது காது. படத்தில் கண்ணாடி இல்லை, ஆனால் அந்தக் காது அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கண்ணாடியை ஒளிக்காத ஒருவரைப் பற்றி இன்று பேச வந்தேன். கண்ணாடியே வேண்டாம் என்று தூக்கிப் போட்ட இன்னொருவரும் இருக்கிறார்.

முதல் ஆள் இத்தாலியின் பார்மா நகரத்துப் பையன். 1503இல் பிறந்தவர். பெயர் பிரான்செஸ்கோ மாட்ஸோலா. பார்மிஜானினோ, அதாவது ‘பார்மாக்காரச் சின்னவன்’ என்பதுதான் உலகம் அவருக்கு வைத்த பெயர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, ஓவியர்களான சித்தப்பா பெரியப்பாக்கள் வளர்த்தார்கள். இருபத்தொரு வயதில் ரோமாபுரிக்குப் போய்ப் பிழைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ரோமில் அப்போது ஏழாம் கிளமெண்ட் புதிதாகப் போப்பாண்டவர் ஆகியிருந்தார். அவரிடம் வெறுங்கையோடு போக முடியுமா? இந்தப் பையன் கொண்டுபோனவற்றில் ஒன்று, ஒரு சாண் அகலமே உள்ள வட்டமான தன்னுருவப்படம். சரியாகச் சொன்னால் விட்டம் 24.4 சென்டிமீட்டர். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சிறியது.

இந்தப் படம் பிறந்த கதையை ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிவைத்த ஜார்ஜோ வசாரி சொல்கிறார். பையன் ஒரு நாள் முடிதிருத்துபவர் வைத்திருக்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். இப்போதைய சலூன்களில் சுவர் முழுக்க இருக்கும் தட்டைக் கண்ணாடி இல்லை அது. வெளிப்பக்கம் புடைத்த குவியாடி. ஆட்டோவின் பக்கவாட்டில் இருக்குமே, அந்த ஜாதி. ஆட்டோ கண்ணாடி கிடைக்காவிட்டால் எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் பாருங்கள். மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடி, வீட்டுச் சுவரெல்லாம் வில்லாக வளைந்து நிற்கும். சின்ன வயதில் நாம் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். பார்மிஜானினோவும் சிரித்திருப்பார். சிரித்து முடித்ததும் நேராகக் கடைசல்காரரிடம் போய்விட்டார்.

ஒரு மர உருண்டையைக் கடைந்து, அதை வகுந்து, கண்ணாடி எந்த அளவுக்குப் புடைத்திருந்ததோ அதே அளவுக்குப் புடைத்த ஒரு பலகையைத் தயார் செய்யச் சொன்னார். அந்தப் புடைப்பின் மேல்தான் வரைந்தார். எனக்குப் பிரமிப்பே இந்த இடத்தில்தான். தட்டைப் பலகையில் அதே உருவத்தை வரைந்திருந்தால் அது கோணல்மாணலான ஒரு படம், அவ்வளவுதான். புடைத்த பலகையில் வரைந்ததும் அந்தப் பலகையே கண்ணாடியாகிவிட்டது. வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கிறது. அதன் முன்னால் போய் நிற்பவர் அன்று அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நிற்கிறார். அது கண்ணாடி என்றால் தன் முகம்தானே தெரிய வேண்டும்? ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பையனின் முகம் தெரிகிறது.

அந்த முகம் நடுவில் இருப்பதால் குலையவில்லை. குவியாடியின் மையத்தில் உருவம் அதிகம் கோணாது, ஓரத்துக்குப் போகப் போகத்தான் வளையும். இது பையனுக்கு நன்றாகவே தெரியும். அழகான முகத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துக்கொண்டு, கூரையையும் சன்னலையும் மட்டும் வளையவிட்டிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான், கொஞ்சம் கர்வமும்கூட. மனிதனைவிடத் தேவதூதனைப் போல இருந்தான் என்று வசாரி எழுதும் அளவுக்கு அழகு. வேலை கேட்டுப் போகிறவன் இதைவிட நல்ல விண்ணப்பம் தயார் செய்ய முடியாது. என் முகமும் அழகு, என் கையும் கெட்டி என்று ஒரே தட்டில் வைத்து நீட்டிவிட்டான்.

நான் அந்த முகத்தைவிட அதிக நேரம் பார்ப்பது கையைத்தான். படத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு கை கிடக்கிறது. முகத்தைவிடப் பெரிய கை. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பது ஊதிப் பெருத்தும் தள்ளியிருப்பது சிறுத்தும் தெரியும் என்பதால் அப்படி. வரைகிறவனுக்கு முகமா பெரிது, கை அல்லவா பெரிது என்று நானாக ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வதுண்டு. அவர் அப்படி நினைத்தாரோ என்னவோ. கண்ணாடி காட்டியது, அவர் போட்டார்.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இங்கே வரைகிறவர்கள் உட்கார்ந்திருப்பதால் கேட்கிறேன். வரைகிற கையையே வரைவது எப்படி? முகம் ஆடாமல் உட்காரும். கை உட்காருமா? அது பலகைக்கும் வண்ணத்துக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் பார்க்க வேண்டுமானால் வேலையை நிறுத்திக் கையை அதே இடத்தில் வைக்க வேண்டும். பார்த்ததை மனசில் வாங்கிக்கொண்டு, கையை எடுத்து, ஒரு கீற்று வைக்க வேண்டும். அடுத்த கீற்றுக்கு மறுபடி பழைய இடத்தில் கொண்டுபோய்க் கிடத்த வேண்டும். நூறு தடவை, இருநூறு தடவை. வேலை செய்யும் கை என்று அந்தப் படத்தில் நாம் பார்ப்பது, வேலையை நிறுத்திவிட்டு நின்ற கையைத்தான்.

அந்தப் படம் போப்பாண்டவரிடமிருந்து எழுத்தாளர் பியெத்ரோ அரெத்தினோ கைக்குப் போனது. அரெத்ஸோவில் அவர் வீட்டில்தான் வசாரி சிறுவனாக இருக்கும்போது அதைப் பார்த்திருக்கிறார். பிறகு படிகத்தில் செதுக்கும் கலைஞர் ஒருவரிடம், அவரிடமிருந்து வெனிஸ் நகரச் சிற்பி ஒருவரிடம், கடைசியில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம். படம் நன்றாகப் பிழைத்தது. வரைந்தவர் பிழைத்த கதை வேறு. 1527இல் ரோமைப் படைகள் சூறையாடின. பார்மாவுக்குத் திரும்பியவர் ஒரு தேவாலயத்துக்கு வரைந்து தருவதாக ஒப்பந்தம் போட்டு, வருஷக்கணக்கில் முடிக்காமல் இழுத்தடித்துச் சிறைக்கும் போனார். ரசவாதப் பித்து பிடித்துப் பாதரசத்தோடு மல்லுக்கட்டினார் என்கிறார் வசாரி. தாடியும் தலைமுடியும் வளர்த்துக்கொண்டு, தேவதூதன் காட்டுமனிதனைப் போல ஆனார். 1540இல், 37 வயதில் இறந்தார்.

இரண்டாவது ஆள் ஓவியரே இல்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் வேகத்தை ‘மாக் ஒன்று’, ‘மாக் இரண்டு’ என்கிறோமே, அந்த மாக். எர்ன்ஸ்ட் மாக், ஆஸ்திரிய இயற்பியலாளர், பிராகா நகரத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர்.

அவருக்கு ஒரு நண்பர். பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, விசித்திரமான ஆள், ஆனால் நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறார் மாக். அந்த நண்பர் கிராவுஸே என்ற தத்துவவாதியின் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, படித்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அதில் ஒரு கணக்கு. ‘நான்’ என்பது தன்னைத் தானே பார்ப்பது எப்படி? அதற்கு விடையும் உண்டு, உடனடியாகப் பார்த்துவிடலாம் என்று. பக்கத்தைத் திருப்பினால் விளக்கம் வருமோ என்று தேடினால் அதோடு சரி. மாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனடியாகத்தானே, பார்த்துவிட்டால் போயிற்று என்று பென்சிலை எடுத்தார். இது 1870வாக்கில் நடந்தது. புலன் உணர்வுகளைப் பற்றி 1886இல் அவர் எழுதிய நூலில் அந்தப் படம் வந்தது.

சாய்வு இருக்கையில் படுத்துக்கொண்டு வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வரைந்திருக்கிறார். மேலே புருவம் வளைவாக ஒரு கூரை போல. வலது பக்கம் மூக்கு, மலைச்சரிவு மாதிரி. கீழே மீசை புதராக எட்டிப் பார்க்கிறது. அதற்கப்பால் மார்பு, வயிறு, நீட்டிய கால்கள், பூட்ஸ். அறையும் சன்னலும். பென்சில் பிடித்த கை. தலை மட்டும் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் உலகம் முழுவதும் இருக்கிறது.

பார்மிஜானினோ படத்தில் நாம் அவர் உட்கார்ந்த இடத்தில் நிற்கிறோம் என்றேன். மாக் படத்தில் அவருடைய கண்குழிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறோம். கேலிக்காக வரைந்த படம்தான். எனக்கென்னவோ, நேர்மையான தன்னுருவப்படம் என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். தனக்குத் தெரிந்ததை மட்டும் வரைந்திருக்கிறார், பிறருக்குத் தெரிவதை அல்ல. கோடுகள் சுமார்தான். உங்களில் பலர் அவரைவிட நன்றாக வரைவீர்கள்.

அதே நூலில் அடிக்குறிப்பாக ஒரு சம்பவம் சொல்கிறார். இரவெல்லாம் ரயிலில் வந்த களைப்பு. ஆம்னிபஸ்ஸில் ஏறுகிறார். நம்மூர் ஆம்னி பஸ் இல்லை, அந்தக் காலத்து ஊர்வண்டி. எதிர்ப்பக்கம் இன்னொருவர் ஏறுகிறார். யாரிந்த நைந்துபோன வாத்தியார் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்கிறார். எதிரே இருந்தது பெரிய நிலைக்கண்ணாடி. அந்த வாத்தியார் இவரேதான். வாத்தியார்களின் பொதுவான தோற்றம் எனக்குப் பழக்கம், என் தோற்றம்தான் பழக்கமில்லை என்று நகைச்சுவையாக முடிக்கிறார். மூக்கையும் மீசையையும் அவ்வளவு துல்லியமாக உள்ளிருந்து வரைந்த மனிதருக்கு, வெளியிலிருந்து தன்னைப் பார்த்தபோது ஆள் அடையாளம் தெரியவில்லை!

பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் கண்ணாடியைத் தரையில் போட்டு, குனிந்து பார்த்துத் தன்னை வரைந்தார். 1965இல் வரைந்தது. தலைக்கு மேல் கூரை விளக்குகள் தெரிய, மனிதர் கோபுரம் மாதிரி நிற்கிறார். நல்ல படம். கண்ணாடியை இடம் மாற்றினார் என்பதற்கு மேல் இன்றைக்கு அதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஃப்ரீடா காலோவைச் சொல்லாமல் போக முடியாது. மெக்சிகோக்காரர். 1925இல், பதினெட்டு வயதில், பேருந்து விபத்தில் உடம்பு நொறுங்கியது. மாதக்கணக்கில் படுக்கை. படுக்கைக்கு மேலே விதானத்தில் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் தன் முகம், வேறு போக்கிடம் இல்லை. அதையே வரைந்தார், வாழ்நாள் முழுக்க வரைந்தார். கூடிய புருவமும் அசையாத பார்வையுமான அந்த முகம் இப்போது சட்டையிலும் பையிலும் அச்சாகிக் கிடக்கிறது.

அவருடைய 1938ஆம் வருஷத்துப் படம் ஒன்றுக்கு ‘தண்ணீர் எனக்குத் தந்தது’ என்று பெயர். குளியல் தொட்டிக்குள் கிடக்கிறார். நாம் பார்ப்பது அவர் கண்ணிலிருந்து. தொட்டியின் மறுமுனையில் இரண்டு பாதங்களின் விரல்கள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் அவற்றின் நிழல் விழுந்து, விரல்கள் இரட்டிப்பாகத் தெரிகின்றன. கால் இருக்க வேண்டிய தண்ணீரில் எரிமலை மிதக்கிறது, அதன் வாயிலிருந்து ஒரு அடுக்குமாடிக் கட்டடம் முளைக்கிறது. அப்பா, அம்மா, ஒரு பாவாடை, செத்த பறவை, கழுத்தில் கயிறு சுற்றிய ஒரு பெண். வலது பாதத்தில் காயம்.

முகத்தை அத்தனை தடவை வரைந்தவர், அதை விட்டுவிட்டுத் தன் கண்ணுக்குள்ளிருந்து வரைந்த படம் இது. மாக் செய்ததும் இதுவே. ஆனால் மாக் கண்ணுக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டார். ஃப்ரீடா குளிக்கும்போது நினைவில் ஓடுவதையும் சேர்த்துத் தண்ணீரில் கொட்டிவிட்டார். அந்த வலது கால் ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய கால், பிறகு விபத்தில் உடைந்த கால். 1953இல் முழங்காலுக்குக் கீழே அதை எடுத்தே விட்டார்கள். மற்றவர்கள் அவரைப் பார்க்கும்போது நீளப் பாவாடை அதை மறைத்துவிடும். தொட்டிக்குள் இருப்பவரிடம் எதை மறைப்பது?

நான் பேசியது போதும். தம்பி தாள்களைக் கொடுத்துக்கொண்டு வருகிறார், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி யாருக்கும் வேண்டாம். செல்போனைப் பைக்குள் போடுங்கள். சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டுங்கள், முன் நாற்காலிக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். வலது கண்ணை மூடிக்கொண்டு தெரிவதைப் போடுங்கள். மூக்கிலிருந்து தொடங்குங்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதன் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். கை குறுக்கே வரும், வரட்டும், அதையும் போடுங்கள். இருபது நிமிடம். பென்சில் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.