சீகையை வெட்டிய பிறகு

(கோவையில் இயற்கை ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மலைப் புல்வெளிகளை மீட்பது பற்றிப் பேசுகிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். அழைப்பிதழில் 'காடு வளர்ப்பு' என்று அச்சாகியிருக்கிறது. அமைப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. பச்சை என்றால் மரம், மரமில்லாத இடம் வெற்றிடம் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் ஊறிப்போனது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் நின்று படம் எடுத்துக்கொள்கிற பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோப்புகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் புல் நின்ற சரிவுகள். வாட்டிலை நீலகிரியில் சீகை மரம் என்பார்கள். நான் சொல்லப்போவது பிளாக் வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய மரம். தலைக்குத் தேய்க்கிற சீயக்காயைத் தேடி யாரும் மலையேறிவிட வேண்டாம்.

"காட்டை வெட்டியதால் வந்ததுதானே அந்தப் புல்வெளி?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. நீலகிரியின் சதுப்புகளில், மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரி மண்ணை நம் நாட்டு ஆய்வாளர்கள் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனை அளந்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரங்களும் வெப்ப மண்டலப் புற்களும் கார்பனைப் பிடிக்கும் முறை வேறு வேறு. அதனால் மண்ணில் விட்டுச் செல்லும் தடயமும் வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்த வறண்ட காலத்தில், அங்கே புல்தான் ஓங்கி நின்றது. கோடரியோடு யாரும் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் புல் இருந்தது. பிறகு தோடர்களின் எருமைகள் மேய்ந்தன, அவர்கள் வைத்த தீயும் அதில் பங்காற்றியது. ஆனால் புல்வெளியை உண்டாக்கியது அவர்கள் அல்லர்.

அப்படியானால் மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் இயற்கைக் காடான சோலை ஏன் மேட்டில் ஏறவில்லை? சனவரி மாதம் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் விடை தெரியும். திறந்த வெளியில் புல்லின் மேல் வெண்மையாக உறைபனி படிந்திருக்கும். பத்தடி தள்ளிச் சோலைக்குள் நுழைந்தால் பனி இருக்காது. பகலில் வாங்கிய வெப்பம் இரவில் வானத்துக்குத் தப்பிப் போகாதபடி மரக் கவிகை தடுத்துவிடுகிறது. சோலை மரத்தின் கன்று ஒன்று புல்வெளியில் முளைத்தால், இரவில் அதன் இலை உறைகிறது. உறைந்த இலையின் மேல் காலை வெயில் நேராக விழுகிறது. இந்த இரட்டை அடியைப் பெரும்பாலான கன்றுகள் தாங்குவதில்லை. புல்லோ தன் வளர்முனையைத் தரையோடு தரையாக, பழைய தாள்களின் நடுவே ஒளித்துவைத்திருக்கிறது. மேலே தாள் கருகினாலும், எருமை கடித்தாலும், தீ ஓடினாலும் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். பல கோடி ஆண்டுப் பரிணாமம் அதற்குக் கொடுத்த ஏற்பாடு அது.

சீகை இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டது. அதன் தாயகம் தென்கிழக்கு ஆஸ்திரேலியா. குளிரும் பனியும் அதற்குப் புதிதல்ல. நீலகிரிப் புல்வெளியில் சோலைக் கன்றுகளையும் சீகைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. சோலைக் கன்றுகள் உறைபனியில் மடிய, சீகை தாக்குப்பிடித்தது. இரவுக் குளிர் குறையக் குறைய அதற்கு இன்னும் கொண்டாட்டம். பருவநிலை போகிற திசையை நினைத்தால், இது நல்ல செய்தி அல்ல.

இந்த மரத்தையும் யூகலிப்டஸையும் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பின் தோல் பதனிடச் சீகைப் பட்டை, காகிதத்துக்கும் ரேயானுக்கும் மரக்கூழ் என்று சரிவு சரிவாக நட்டது நாம்தான். எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட முடியாது. புல்வெளியில் புதிதாக நடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மரம் தானே பரவிக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின்படி, கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இதில் தண்ணீர்க் கணக்கும் உண்டு. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில், பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் இரண்டை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டுவைத்து, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு ஓடைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே, மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பைக்காராவிலும் மேல்பவானியிலும் அணை கட்டியிருக்கும் மாநிலம் இது. கீழே பவானிப் பாசனக்காரர் இந்த எண்ணைக் கேட்டால் சும்மா இருப்பாரா என்று தெரியவில்லை.

சரி, வெட்டிவிடலாமே? உயர் நீதிமன்றமும் அயல் மரங்களை அகற்றச் சொல்லியிருக்கிறது. 2022இல் தமிழக அரசு இதற்கெனக் கொள்கையே வெளியிட்டது. வெட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. வெட்டிய மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

சீகை விதை கறுப்பாக, ஐந்து மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கும். தோல் கல் போன்றது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் கிடக்கக்கூடும். தீயின் சூடு பட்டாலோ, மரம் போய் வெயில் விழுந்தாலோ, மொத்தமாக விழித்துக்கொள்ளும். வெட்டிய சரிவில் அடுத்த மழைக்குக் கீரைப்பாத்தி போலக் கன்றுகள் நெருக்கியடித்து எழும். மண்ணும் பழைய மண் அல்ல. சீகை வேரில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் ஏற்றிவிட்டது. உரம் சேர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நம் மலைப் புற்கள் வறிய மண்ணில் மெல்ல வளரப் பழகியவை. உரம் ஏறிய மண்ணில் அவற்றை முந்திக்கொண்டு ஓடுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயு புல்லும், மெக்சிகோவிலிருந்து வந்த களைச்செடிகளும். ஓர் அயலானை வெளியேற்றி இன்னோர் அயலானுக்குப் பாய் விரித்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாச் சீகைத் தோப்பையும் வெட்டக் கூடாது என்று நான் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வரலாம். பழனி மலையில் முதிர்ந்த தோப்புகளுக்குள் போய்க் குனிந்து பாருங்கள். நிழலில், பனி படாமல், சோலை மரங்களின் கன்றுகள் எழுந்து நிற்கும். பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் அவை. அந்த இடம் பழையபடி புல்லாகப் போவதில்லை, விட்டுவைத்தால் சோலையாகலாம். அங்கே ரம்பத்தை ஓட்டினால் கன்றுகளும் நசுங்கும், புல்லும் வராது. உள்ள காசையும் கையையும் கொண்டு முதலில் போக வேண்டிய இடம் வேறு. இன்னும் புல்வெளியாகவே இருந்து, ஓரத்தில் ஒன்றும் இரண்டுமாகச் சீகைக் கன்று நுழையத் தொடங்கியிருக்கும் சரிவுகள். அங்கே முழங்கால் உயரக் கன்றை ஈர மண்ணில் வேரோடு கையாலேயே பிடுங்கலாம். ஒப்பந்ததாரரும் வேண்டாம், லாரியும் வேண்டாம். ஆனால் அங்கே வெட்டி விற்கத் தடி கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சரிவுகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

புல்லைத் திரும்ப வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். விதை தூவினால் முளைத்துவிடும் என்பது நெல்லைப் பார்த்து வந்த பழக்கம். பல்லாண்டு வாழும் மலைப் புற்களில் பலவற்றின் கதிரைக் கையில் தேய்த்துப் பார்த்தால், உமிதான் மிகுதி, மணி சொற்பம். ஆகவே வேரோடு கூடிய புல் தூர்களைப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத் தொடக்கத்தில் கையால் நடுகிறார்கள். தூரை எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். பள்ளத்துப் பனியில் தலைமுறை தலைமுறையாகத் தேறிய புல்லும், காற்றடிக்கும் முகட்டுப் புல்லும் ஒரே இனமாகவே இருந்தாலும், உள்ளியல்பில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்தந்தச் சரிவுக்குப் பக்கத்திலிருந்தே எடுப்பது நல்லது, அதுவும் மூலப் புல்வெளி வழுக்கையாகாத அளவுக்கு. ஒரே வகையை ஏக்கர்கணக்கில் நட்டு வைத்தால் அது புல்தோட்டம்தான், புல்வெளி ஆகாது. புல்லோடு பூண்டுகளும் தரை ஆர்க்கிடுகளும் குறிஞ்சியும் சேர்ந்ததுதான் புல்வெளி. குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டியது 2030இல். அதற்குள் அது நிற்கும் சரிவுகளையாவது சீகை மூடாமல் காத்தாக வேண்டும்.

பூச்சிகளை விட்டு அடக்க முடியாதா என்று ஒருவர் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அயல் மண்ணில் ஒரு செடி இப்படித் தழைப்பதற்கு ஒரு காரணம், சொந்த ஊரில் அதைத் தின்றவை இங்கே இல்லாததுதான். தின்னுவோர் இல்லாத இடத்தில், தற்காப்புக்குச் செலவழித்ததைச் செடி தலைமுறைப் போக்கில் வளர்ச்சிக்குத் திருப்பிவிடும் என்று 1995இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. சோதித்த இடங்களில் சிலவற்றில் ஆம், சிலவற்றில் இல்லை என்றே விடை வருகிறது. தென்னாப்பிரிக்காவில் சீகை ஒரு பக்கம் வணிகப் பயிர், மறுபக்கம் பெருந்தொல்லை. ஆகவே மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் தின்னும் கூன்வண்டையும், பூவில் முடிச்சு உண்டாக்கி விதை பிடிக்காமல் செய்யும் சிற்றீயையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இங்கே அதைச் செய்யுமுன் நீண்ட சோதனை வேண்டும். நம் நாட்டு வேல மரங்களும் சீகைக்குச் சொந்தக்காரர்கள். பூச்சிக்கு உறவுமுறை தெரியாது.

கடைசியாகப் பணம். மரம் வெட்ட டெண்டர் விடுகிறார்கள், தடிக்கு விலை வருகிறது, ஆறு மாதத்தில் கணக்கு முடிகிறது. ஆண்டுதோறும் அதே சரிவுக்குத் திரும்பிப்போய்க் கன்று பிடுங்குவதற்கு, குறைந்தது பத்தாண்டுக்கு, ஒரு தலைப்பின் கீழ்ப் பணம் ஒதுக்க வேண்டும். மலையை அறிந்த தோடர், கோத்தர், குறும்பர் போன்ற பழங்குடி இளைஞர்களுக்கு அதை நிலையான சம்பளமுள்ள வேலையாகத் தர வேண்டும். மரம் நடும் விழாவுக்கு அமைச்சர் வருவார், பந்தல் போடுவார்கள். மூன்றாம் ஆண்டு களை பறிப்புக்கு யாரும் நாடா வெட்ட வரமாட்டார்கள். இங்கே வனத்துறை அலுவலர்கள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். புதிதாக வெட்ட அனுமதி கேட்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நன்றி. மற்றச் சீட்டுகளையும் பார்க்கிறேன்.