அவள் அப்படிப் பேசமாட்டாளே

(குடியாத்தத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

டிவி சீரியலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் 'இதற்கெல்லாம் ஒரு கூட்டமா' என்ற கேள்வி தெரிந்தது. கட்டாயம் வேண்டும் என்பேன். இந்த ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வசனம் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வரும். இத்தனை பேர் வருஷக்கணக்கில் பார்க்கிறார்கள். அவர்கள் "ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஜவ்வா இழுக்கறாங்க" என்று சொன்னால் மட்டும் புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் நல்ல விமர்சனம் கிடைக்கும்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். மடியில் முறம், முறத்தில் தூள், வெட்டி அடுக்கிய இலை, நூல். டிவி ஓடிக்கொண்டே இருக்கும். கை நிற்காது, நின்றால் அன்றைய கணக்கு குறையும். சீரியல் புதிதாக ஆரம்பித்த நாட்களில் கவனியுங்கள். வசனத்துக்கு வசனம் தலை நிமிரும், நூல் பாதிச் சுற்றில் நிற்கும். ஒரு வருஷம் போனதும் தலை குனிந்தபடியே இருக்கும். காதால் கேட்டாலே போதும், கதை புரிந்துவிடும். ஏன் என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு அப்படிப் பேசமாட்டா சார். மொத மொத வந்தப்ப எப்படி இருந்தா! இப்ப யார் இன்னா சொன்னாலும் அழறா" என்றார்.

இதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கதை நீண்டுவிட்டது என்பது அவருடைய குறை இல்லை. அந்தப் பெண்ணின் குணம் மாறிவிட்டது, மாறியதற்குக் கதையில் காரணம் இல்லை. ரசிகர்கள் சொல்லும் குறைகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். துணிச்சலாக அறிமுகமான மருமகள், எல்லாருக்கும் தெரிந்த சூதில் தான் மட்டும் மாட்டிக்கொள்வாள். ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் தீர்ந்துவிடும் சந்தேகம் மூன்று மாதம் ஓடும். அதை ஓட்டுவதற்காகவே அறிவாளியை முட்டாளாக்க வேண்டியிருக்கும்.

நீளத்தைக் கண்டு நம் ஊர்க்காரர்கள் பயந்தவர்கள் கிடையாது. பழைய வடாற்காடு கூத்துக்குப் பேர்போன சீமை. செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் ஊர்கள் எத்தனையோ. அக்னி வசந்த விழா தொடங்கினால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாள் நாளாகப் போகும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் சாகப்போகிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று யாரும் எழுந்து போனதில்லை. துகில் உரியும் இரவில் திரௌபதி கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்கிறாள்; படுகளத்தில்தான் அந்தக் கூந்தலை எடுத்து முடிகிறாள். இடையில் எத்தனை இரவு போனாலும் அந்தச் சபதம் மறக்கப்படுவதில்லை. ஓர் இரவு ஒருவர் திரௌபதி வேஷம் கட்டுவார், மறுநாள் இன்னொருவர் கட்டுவார். அதற்கும் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

ஆள் மாற்றம் என்றதும் டிவியில் வருமே, 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அறிவிப்பு, அது நினைவுக்கு வரும். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபோது நம் வீடுகளிலும் துக்கம் இருந்தது. அவருக்குப் பின் வேறு நடிகைகள் முல்லையாக வந்தார்கள், தொடர் 2023 வரை ஓடியது. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக மிரட்டிய மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். பழையவரை மறக்க முடியவில்லை என்று பலர் சொன்னார்கள், நானும் சொன்னேன். அது அந்தக் கலைஞர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை. ஆனால் யார் வந்தாலும் அந்தப் பாத்திரம் அதே பாத்திரமாக இருக்கும்வரை ஜனங்கள் பார்க்கவே செய்கிறார்கள். பாத்திரமே மாறும்போதுதான் ரிமோட்டைத் தேடுகிறார்கள்.

இது நம் சீரியலுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2011இல் தொடங்கி 8 சீசன், மொத்தம் 73 பகுதி. வாரம் ஆறு நாள் வரும் நம் தொடர் அந்த எண்ணிக்கையை மூன்றே மாதத்தில் எட்டிவிடும். இருந்தும் 2019இல் வந்த கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அடிமைகளை விடுவித்த டெனேரிஸ், சரணடைந்த நகரத்தைத் தீக்கிரையாக்குகிறாள். அவள் கெட்டவளாகக் கூடாது என்று எல்லாரும் சொல்லவில்லை. ஆகட்டும், ஆனால் அதற்கு வழி காட்டுங்கள், இரண்டு வாரத்தில் முடிக்காதீர்கள் என்றுதான் பெரும்பாலோர் கேட்டார்கள். மூல நாவல் வரிசை இன்னும் முடியவில்லை. எழுதப்பட்ட கதை தீர்ந்த பிறகு தொடர் தானாக நடக்க வேண்டியிருந்தது. அங்கே குறை அவசரம். நம்மிடம் இழுவை. ஆனால் பீடி சுற்றும் அக்கா சொன்னதும் அந்தப் பிள்ளைகள் சொன்னதும் ஒன்றே.

அப்புறம், ஏன் இப்படி நடக்கிறது? எழுதுகிறவர்களுக்குத் திறமை இல்லாததால் என்று நான் சொல்லமாட்டேன். திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 1500 பகுதிகளைத் தாண்டியது. அதில் வில்லன் ஆதிக்கும் நாயகி அபிக்கும் இருந்த பகை ஒரு கட்டத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அதே திருச்செல்வம்தான் பிறகு 'எதிர்நீச்சல்' எடுத்து, சீரியலே பார்க்காத ஆண்களையும் டிவி முன்னால் உட்கார வைத்தார். திறமைக்கு என்ன குறை? வாராவாரம் டிஆர்பி வருகிறது. ஏறினால் இன்னும் ஓட்டு என்கிறார்கள். இறங்கினால் ட்ராக்கை மாற்று, இல்லாவிட்டால் மதியத்துக்குத் தள்ளு என்கிறார்கள். கதை எந்த மாதம் முடியும் என்று தெரியாமல் எழுதுகிறவர், முடிவை நோக்கி யாரை எப்படி நகர்த்துவார்? கூத்து வாத்தியாருக்குப் படுகளம் எந்த நாள் என்று கொடியேற்றும்போதே தெரியும். சீரியல் எழுதுகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதை அவருக்குக் கொடுக்க வேண்டியது சேனல்காரர்கள்.

'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இலிருந்து 2005 வரை 800 பகுதிகளுக்கு மேல். அதிலும் இழுவை உண்டு, அழுகை நிறைய உண்டு. ஆனால் ஓர் அப்பா, ஐந்து பெண்கள், ஐந்து கல்யாணம் என்ற வேலி கடைசி வரை இருந்தது. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, கதை தெரிந்த வீடுகளிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். நம் ரசிகர்களுக்கு நீளமானதைப் பார்க்கப் பொறுமை இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

பேச்சின் நடுவே ஒரு தங்கை கேட்டார்: "அப்போ ரெண்டாவது பாகமே எடுக்கக் கூடாதா சார்?" தாராளமாக எடுக்கலாம். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இரண்டாம் பாகத்தில் குடும்பத்தையே மாற்றினார்கள். அண்ணன் மூர்த்தியாக இருந்த ஸ்டாலின் முத்து அதில் அப்பா பாண்டியனாக வந்தார். இது புதுக் கதை என்று பார்க்கிறவர்களுக்கு முதல் நாளே தெரிந்தது. 'எதிர்நீச்சல்' இரண்டாம் பாகம் அப்படி இல்லை. அதே ஜனனி, அதே குணசேகரன், விட்ட இடத்திலிருந்து கதை. அப்படி எடுக்கும்போது பொறுப்பு இரட்டிப்பு. முதல் பாகத்தில் அந்த நான்கு மருமகள்களும் எதையெல்லாம் போராடி வாங்கினார்களோ, அதைப் பறித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போராடச் சொன்னால், பார்த்தவர்களின் அத்தனை நாள் மாலைப்பொழுதையும் சேர்த்துப் பறிக்கிறீர்கள். இரண்டாம் பாகம் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் நான் கேட்பது அது ஒன்றைத்தான்: அவர்கள் ஜெயித்ததை ஜெயித்ததாகவே வைத்துவிட்டு, அதற்கு மேல் கதையைத் தொடங்குங்கள்.