இலைத் தராசில் நீதி

நேயர்களுக்கு வணக்கம்.

1891 மே 15 அன்று திருத்தந்தை (போப்) 13ஆம் லியோ திருச்சபைக்கு எழுதி வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், ஐரோப்பிய ஆலைகளில் மனிதர்கள் நசுங்கிக்கொண்டிருந்த காலத்தில் எழுந்தது. சங்கம் சேரும் உரிமை, குடும்பம் பிழைக்கப் போதுமான கூலி என்று அது பேசிய பலவற்றுள் நம் நீலகிரித் தேயிலை மலைக்கு மிக நெருக்கமானது ஒன்று உண்டு. வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்கிறது மடல். ‘அவரே ஒத்துக்கொண்டாரே’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

1981இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், ஒரு பொருளாதார அமைப்பு நீதியானதா என்பதை அது தரும் கூலியைக் கொண்டே சோதிக்கலாம் என்றார். நீலகிரியில் அந்தச் சோதனை நடக்கும் இடம், பறித்த தேயிலையை நிறுக்கும் இடம்.

அங்கே என்ன தவறும்? நாள் கூலிக்கு இத்தனை கிலோ, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்பது கணக்கு. சாக்கின் எடையைக் கழிப்பது சரி. மழையில் நனைந்த இலைக்குத் தண்ணீர்க் கழிவு எடுப்பதிலும் நியாயம் உண்டு. வெயில் அடிக்கும் நாளிலும் அதே கழிவு தொடர்வதும், கிராம்களை வெட்டி முழுக் கிலோவாக எழுதுவதும்தான் தவறு. ஒரு நிறுவைக்கு அரை கிலோ போனால், நாளுக்கு மூன்று நிறுவையில் ஒன்றரை கிலோ. 25 நாளில் முப்பத்தேழரை கிலோ. இது ஒருவர் தன் கையால் கிள்ளிய கொழுந்து.

சாக்கு ஏறுமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் சாக்கை ஒருமுறை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வேண்டும். அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஒவ்வொரு நிறுவையையும் அந்த இடத்திலேயே சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து சொல்லும் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள்.

இந்த நோட்டைச் சரிபார்க்க நல்ல இடம், பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம். எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஏற்கெனவே அங்கே கூடுகிறார்கள். ‘பார், தீர்மானி, செயல்படு’ என்ற முறையை பெல்ஜியத்தின் கார்டைன் அடிகளார் இளம் தொழிலாளர்களுக்காக வகுத்தார். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அதைத் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். விவிலியம் வாசித்து, செபித்து, அதோடு கலைந்துவிட்டால் முதல் படியிலேயே நின்றுவிட்டோம் என்றே நான் நினைக்கிறேன்.

ஓய்வு பெறுவோரின் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அங்கே பேசப்பட வேண்டியது. ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி. கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் அது முழு ஆண்டு. பணம் சிக்குவது பெரும்பாலும் பெயரில். எஸ்டேட் பதிவேட்டில் மாரி, ஆதாரில் மேரி, திருமுழுக்குப் பதிவேட்டில் மரியம்மாள் என்றிருந்தால் வருங்கால வைப்பு நிதி நகராது. ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே திருத்த ஆரம்பியுங்கள். பங்கில் இருக்கும் பழைய திருமுழுக்குப் பதிவேடு துணைச் சான்றாக உதவலாம்.

இன்று பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிரைகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். புலம்பெயர்ந்தவருக்கு அவரவர் மொழியிலேயே ஆன்மப் பணி வேண்டும் என்று 1952இலேயே திருத்தந்தை 12ஆம் பயஸ் எழுதினார். மொழி தெரியாதவருக்குத் தராசும் ஊமைதான். அவர்கள் பெயர் கூலிப் பதிவேட்டில் இருக்கிறதா, கூலி அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, ஆள் கூட்டிவந்தவர் கைக்குப் போகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம் அப்பாவும் தாத்தாவும் இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

மே 1 அன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955இல் அது ஏற்படுத்தப்பட்டது. உதகை மறைமாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டுதான். அன்று திருப்பலிக்கு வருவோரிடம் கூலிச் சீட்டையும் எடை நோட்டையும் கொண்டுவரச் சொல்லலாம். கோயில் வாசலில் ஒரு மேசை, ஒரு கால்குலேட்டர், இந்தி தெரிந்த ஒருவர் போதும்.