தூக்கிப் போடுமுன் எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சின்ன உணவுக்கடைகளுக்கும், வீட்டிலேயே சமைத்து விற்பவர்களுக்கும் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். தீயிலோ வெள்ளத்திலோ எல்லாம் போன பிறகு அவர்களோடு உட்கார்ந்து மிச்சக் கணக்கையும் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கே பேசக் கூப்பிட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: மறுநாள் காலையில் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் பேனாவை எடுங்கள்.

ஓர் அம்மா. வீட்டோடு ஒட்டிய சமையற்கூடம். ராத்திரி மின்கசிவில் பற்றிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய விஷயம். விடிவதற்குள் சொந்தபந்தம் எல்லாம் வந்து, "இதைப் பார்த்தாலே அவளுக்கு மனசு விட்டுப்போகும்" என்று கரியைக் கூட்டி, கருகியதையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். இரண்டு நாள் கழித்துக் காப்பீட்டு சர்வேயர் வருகிறார். கழுவிவிட்ட தரைதான் இருக்கிறது. "இங்கே என்னம்மா இருந்தது?" என்கிறார். அந்த அம்மாவுக்கு வாயே வரவில்லை.

அப்புறம் தேட ஆரம்பித்தோம். சரக்கு போடும் மொத்த வியாபாரியிடம் அவர் எடுத்த பில்லெல்லாம் நகல் இருந்தது. அரவை இயந்திரத்துக்குத்தான் பில் இல்லை. பேத்தியின் பிறந்தநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். குழந்தையின் தலைக்குப் பின்னால் இயந்திரம் நிற்கிறது, பக்கவாட்டுத் தகட்டில் எண் பாதி தெரிகிறது! அந்தப் பாதி எண்ணை வைத்தே விற்ற கடைக்காரர் பழைய பில்லை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், தூக்கிப் போடுமுன் எழுதுங்கள், படம் எடுங்கள். கருகிய மோட்டாரில்கூடத் தகடு மிஞ்சியிருக்கும். காப்பீடு இல்லாதவர்களுக்கும் இது வேண்டும், உதவியோ கடனோ கேட்டுப் போனால் முதல் கேள்வியே "என்ன போச்சு?" என்பதுதான்.

காப்பீடு என்றதும் இன்னொன்று. பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போடுகிறோம் இல்லையா? பத்துப் பங்கு பெறுமானமுள்ள பொருளுக்கு ஆறு பங்குக்குத்தான் காப்பீடு என்று வையுங்கள். ஐந்து பங்கு எரிந்தால், "ஆறுக்குள்தானே, ஐந்தும் வரும்" என்று நினைப்போம். பெரும்பாலும் மூன்றுதான் வரும். பொருளின் மதிப்பில் எந்த விகிதத்துக்குக் காப்பீடோ, இழப்பிலும் அதே விகிதம்தான் கிடைக்கும்; சராசரி விதி என்று பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இன்று ராத்திரியே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது, மிஞ்சிய சரக்கு. இங்கேதான் மனசு கேட்காது. குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் புகையை முழுக்கத் தடுக்காது. அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை, திருகுமூடி பாட்டில், எதற்குள்ளும் புகை நுழையும். சூடேறிய தகர டப்பாவும் ஆகாது. கதவைத் திறக்காமலே வைத்திருந்தாலும், மின்சாரம் போய் 4 மணி நேரத்துக்கு மேல் ஆனால் குளிர்பெட்டியில் இருக்கிற, சீக்கிரம் கெடுகிற பண்டத்தை நம்பக்கூடாது. நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எழுதிவிட்டுக் கொட்டுங்கள். திறந்த முதல் வாரத்திலேயே ஒருவருக்கு வயிறு கெட்டால், தீ தொடாத பெயரும் போய்விடும்.

திறப்பதைப் பற்றி... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சரி, வேகமாக. பழைய பட்டியல் முழுவதையும் முதல் நாளே போடவேண்டாம். கேட்டு வந்து வாங்குவார்களே, அந்த இரண்டு மூன்று பண்டம் போதும். ஓர் அடுப்பு, ஒரு வேளை. கைப்பக்குவம் எரியாது, ஆனால் அளவுகளை இப்போதே எழுதி வேறொரு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். வேலையாட்களிடம் எப்போது திறக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், இல்லையென்றால் நல்ல கை வேறு அடுப்புக்குப் போய்விடும். கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்னாலேயே வங்கிக்குப் போய் அவகாசம் கேளுங்கள், தவறிய பிறகு போனால் பேச்சே வேறு. தினவட்டிக்காரரைப் பற்றித் தனியாகவே பேசவேண்டும், இன்று நேரமில்லை. வணக்கம்.