குளம் வான் பாயுது எண்டா என்ன? மதுரைத் தங்கச்சியின்ர கேள்வி

வணக்கம் உறவுகளே. இந்தக் கேள்விய வாசிச்ச நேரத்தில இருந்து எனக்கு ஒரே சந்தோசம், ரெண்டு நாளா இதத்தான் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான். மதுரையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, “அண்ணா, போன இரணைமடு வீடியோல குளம் வான் பாயுதுன்னு சொன்னீங்க, நீங்க படுத்துத் தூங்குற வண்டியும் வான்தானே, எந்த வான் பாஞ்சுது?” எண்டு.

தங்கச்சி, குளம் நிரம்பி மிஞ்சின தண்ணி வெளியால போற இடத்த நாங்க வான் எண்டுதான் சொல்லுறது, உங்கட பக்கத்தில கலிங்கு எண்டுவினம், மறுகால் பாயுது எண்டுவினம், அதேதான். வயலுக்குத் தண்ணி விடுறது வேற, அது துருசு, உங்களுக்கு மதகு. இரணைமடு எண்டுறது இலங்கையின்ர வடக்கில கிளிநொச்சியில இருக்கிற பெரிய குளம். அதுக்கு கனகராயன் ஆத்தால தண்ணி வருது, 36 அடி உயரத்துக்குத் தண்ணி கொள்ளும், மாரியில முட்டிச்செண்டா வான்கதவுகளத் திறந்து விடுவினம், அது வடக்கால சுண்டிக்குளம் பக்கம் போய்ச் சேரும். அவ்வளவுதான்.

ஆனா என்னட்ட ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்டு இருக்கு, ஏன் ஒரு முழுநாள் அந்தக் குளத்தடியிலயே நிண்டனீங்க எண்டு. பழைய ஆக்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்லுறது, குளத்தக் காலமையும் பாக்கோணும் பின்னேரமும் பாக்கோணும். கன பேர் கண்டியில இருந்து யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டால வந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயில்ல தேங்காய் உடைச்சு, கச்சான், அதான் வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு நேர யாழ்ப்பாணம் ஓடிடுவினம். கிளிநொச்சி டவுனில இருந்து கொஞ்சத் தூரம் உள்ளுக்க திரும்பினா காணும், 1902ல கட்டத் தொடங்கின குளம் கிடக்கு. முந்தி ரெண்டு மடுவா இருந்ததாலதான் இரணைமடு எண்டு பேர் வந்ததெண்டு சொல்லுவினம், இரணை எண்டா இரட்டை.

நாங்கள் தெரிஞ்ச அம்மா ஒராளின்ர வளவுக்குள்ள வான விட்டிட்டு, விடிய அவ தந்த தேத்தண்ணியக் குடிச்சிட்டு குளக்கட்டுக்கு நடந்து போனம். அங்க ஒரு ஐயா சைக்கிள நிப்பாட்டிப்போட்டு தண்ணிக்குள்ள நிக்கிற அளவுகோலயே பாத்துக்கொண்டு நிக்கிறார், அடி இலக்கம் எழுதினது, பாசி பிடிச்சுக் கிடக்கு. என்னையா பாக்கிறியள் எண்டு கேட்டன். “தம்பி, இந்த இலக்கத்தப் பாத்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தின ஏக்கர் விதைக்கிறதெண்டு கூட்டத்தில முடிவெடுப்பினம்” எண்டார். சிறுபோகம் எண்டா மாரி முடிஞ்ச பிறகு குளத்துத் தண்ணிய நம்பிச் செய்யிற நெல் விதைப்பு. நாங்கள் வடிவு பாக்கிற தண்ணிய அவர் நெல்லாப் பாக்கிறார். எனக்கு அது மனசுக்க அப்பிடியே இருந்திட்டுது.

மத்தியானம் யப்பான் மீன், அதான் திலாப்பியா, வலையால எடுத்த உடன வாங்கி அம்மாட்டக் குடுத்தம், அவ சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவி, புளி விட்டுக் குழம்பு வைச்சா. பிறகு ஒரு நித்திரை. பின்னேரம் கனகாம்பிகை அம்மன் கோயிலடிக்குப் போயிட்டுத் திரும்பவும் அதே குளக்கட்டு, காலமை வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்த தண்ணி இப்ப செம்மண் நிறம், கொக்குகள் எல்லாம் கரைக்கு வந்திட்டுது. இதுக்குத்தான் ரெண்டு நேரமும் பாக்கோணும் எண்டுறது. ஆனா இறங்கிக் குளிக்கிறதெண்டா ஊர்ச்சனத்திட்டக் கேட்டிட்டு இறங்குங்கோ, முதலை இருக்கு.

தங்கச்சி, நீங்கள் கார்த்திகை மார்கழியில ஒருக்கா வாங்கோ, நல்ல மழையெண்டா வான் பாயிற சத்தம் தூரத்திலயே கேக்கும்.